கைக்கு ஒரு வேலை

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்குத் தோழி ஒருத்தி போன் செய்தாள். அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளில்லை அவள். எடுத்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். வீட்டுக்காரருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. பயாப்ஸிக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் வர செவ்வாய்க்கிழமை ஆகுமாம்.

"எல்லாரும் சாமி மேல நம்பிக்கை வைன்றாங்கடி. மாமியார் சொல்றாங்க, ஆபீஸ்ல சொல்றாங்க, ஸ்கேன் எடுத்த பொண்ணுகூடச் சொல்லிச்சு. வைக்கிறதுன்னா எப்படிடி வைக்கிறது? கண்ணை மூடினா ரிப்போர்ட்தான் தெரியுது. உங்கம்மாவுக்கு இப்படி ஆனப்ப நீ என்ன பண்ணுன?"

நான் என்னவோ சொன்னேன். "எல்லாம் சரியாயிடும்டி" என்றுகூடச் சொல்லித் தொலைத்தேன். அதைச் சொல்லக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் வாய்க்கு அதுதான் முதலில் வருகிறது.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம்பிக்கை வை என்று சொல்கிற யாரும் எப்படி வைப்பது என்று சொல்லித் தருவதில்லை. என்னிடம் இருக்கிற பதிலை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமானது. 2011இல் ஒரு புயலில் ஆரம்பிக்கிறது.

*

எங்கள் ஊர் பண்ருட்டிக்குத் தெற்கே, செம்மண் மேட்டில் இருக்கிறது. எங்கள் பக்கம் கொல்லை என்றால் வீட்டுப் பின்பக்கம் இல்லை, நிலம். முந்திரிக்கொல்லை, நடுநடுவே பலா. தை மாதம் முந்திரி பூக்கும். பங்குனி சித்திரையில் கொட்டை பொறுக்குவோம். அது முடிகிற சமயத்தில் பலா வண்டி ஏறும். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் பீஸ், வீட்டுக்கு ஓடு மாற்றுவது, எல்லாமே இந்த இரண்டு மரத்தின் கணக்கில்தான் ஓடும். எங்கள் பக்கத்துப் பலாக்கட்டையில் கடைந்த மிருதங்கத்துக்கு மதிப்பு உண்டு. மர வியாபாரிகள் வந்து முற்றின மரங்களைத் தட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். அப்பா காது கேட்காத மாதிரி நிற்பார்.

இரண்டு ஏக்கர் முந்திரி, பத்தொன்பது பலா. தாத்தா வைத்தது. பலா ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கிணத்தடியான், கோணக்காலன், சின்னாயி. சின்னாயி காய்ப்பது கம்மி, ஆனால் சுளையைப் பிட்டால் விரல் ஒட்டும்.

2011 டிசம்பர் 29ஆம் தேதி ராத்திரி. லீவுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து வந்திருந்தேன். அவளுக்கு மூன்று வயது. புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. புயலுக்குப் பெயர் 'தானே'. "தானே வருதாம், தானே போயிடும்" என்று அப்பா சிரித்தார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

நடுராத்திரிக்கு மேல் காற்று ஏறியது. விடிகிற நேரத்தில் உச்சம். முந்திரி முறிந்தால் சடசடவென்று கேட்கும். பலா அப்படி முறியாது. வேரோடு சாயும்போது தரை ஒரு முறை முனகும். ஒவ்வொரு முனகலுக்கும் அப்பா வாய்க்குள் ஒரு பெயரைச் சொன்னார். எந்த மரம் என்று அவருக்குச் சத்தம் வந்த திசையிலேயே தெரிந்தது. ஆயா மூலையில் உட்கார்ந்து "ஈஸ்வரா, ஈஸ்வரா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மகளின் காதைப் பொத்திக்கொண்டு, "சாமி, இத்தோட நிறுத்திடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை.

காற்று அடங்கிய பிறகு கொல்லைக்குப் போனோம். வானம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் கொல்லையில் நின்று நான் வானத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை.

பத்தொன்பதில் பதினேழு பலா விழுந்து கிடந்தது. முந்திரியை எண்ணவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர், பக்கத்து ஊர், அதற்கடுத்த ஊர், எல்லா இடத்திலும் இதே கதை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சேர்த்து 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள் என்பது பின்னால் பேப்பர் வந்த பிறகுதான் தெரிந்தது.

"உசுரு தப்பிச்சுதே, அது சாமி புண்ணியம்" என்றார் ஆயா.

"அப்ப மரம் போனது யாரு புண்ணியம்?" என்றார் பெரியப்பா.

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பெரியப்பா கேட்டதுதான் சரியென்று பட்டது. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவிலும் கிடைக்காது.

*

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆங்கிலப் புத்தாண்டு. ரோட்டில் கிடந்த மரங்களை ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். அப்பா காலையில் சைக்கிளை எடுத்தார். கேரியரில் ஒரு தென்னந்துடைப்பம்.

"எங்கப்பா?"

"திருவதிகைக்கு. பிரகாரம் பூராவும் குப்பையா கெடக்குமே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம வீட்டு ஓடு பாதி பறந்து கெடக்கு. காப்பாத்தாத சாமிக்கு நீ போய்ப் பெருக்கிவிடப் போறியா?"

அப்பா கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கொல்லையில போயி நிக்க முடியலம்மா. என்ன பண்றதுன்னும் தெரியல. கைக்கு ஒரு வேலை வேணும்" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார்.

அவர் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். 'சாமி இன்னும் நல்லா கொடுப்பார்' என்றிருந்தால் சிரித்திருப்பேன். கைக்கு வேலை வேணும் என்றதற்கு எதிர்ப்பேச்சு கிடைக்கவில்லை.

அப்பா பெரிய பக்தர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். தேவாரம் முழுசாகப் பாடத் தெரியாது. மாதத்துக்கு ஒரு தரம் திருவதிகைக்குப் போவார், போனால் வீரட்டானேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு நேராகத் திலகவதியார் சன்னதியில் போய் நிற்பார். அப்பரை விட அந்த அம்மாவிடம்தான் அவருக்கு ஒட்டுதல். ஏன் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. புயலுக்குப் பிறகு பெரியபுராணத்தில் அந்தப் பகுதியை எடுத்து நிதானமாகப் படித்தேன்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற திருவாமூர்தான் அக்கா திலகவதியாருக்கும் தம்பி அப்பருக்கும் ஊர். அப்பா புகழனார், அம்மா மாதினியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வடக்கே போருக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் புகழனார் இறந்தார். கணவர் போன துக்கத்தில் மாதினியாரும் போனார். அதன் பின்னாலேயே, போரில் கலிப்பகையாரும் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது.

கொஞ்ச காலத்துக்குள் மூன்று சாவு. தானும் போய்விடலாம் என்று அந்தப் பெண் முடிவெடுத்தாள். தம்பி, அப்போது மருணீக்கியார் என்று பெயர், காலில் விழுந்து அழுதான், நீயும் போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்று. அவனுக்காக உயிரோடு இருந்தாள். தெளிவோ சமாதானமோ வந்து அவள் இருக்கவில்லை. ஒரு பையன் அழுதான், அதனால் இருந்தாள்.

அந்தத் தம்பியும் பிறகு சமண மதத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு கடலூர்ப் பக்கம் பாடலிபுத்திரத்து மடத்துக்குப் போய்விட்டார். யாருக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்தாளோ அவரும் இல்லை. அக்கா திருவதிகைக்கு வந்து ஒரு மடத்தில் தங்கினார். விடிவதற்கு முன்னால் எழுந்து கோயிலைக் கூட்டினார், சாணம் போட்டு மெழுகினார், பூ பறித்து மாலை கட்டினார். தினமும். தம்பி திரும்புவார் என்று யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

தம்பியை மீட்டுக் கொடு என்று அவர் வேண்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் கனவில் பதில் வந்தது. என்ன பதில்? உன் தம்பிக்குச் சூலை நோயைக் கொடுத்து ஆட்கொள்வோம் என்று! வேண்டுதலுக்குப் பதிலாக வந்தது வயிற்றுவலி. அந்த நேரத்தில் தருமசேனரிடம் போய், உங்கள் அக்காவின் பிரார்த்தனை பலித்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்.

வலி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு நடந்து வந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். உபதேசம் ஒன்றும் நீளமாகச் செய்யவில்லை. விடிகாலையில் துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தன் வேலைக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட அழைத்துக்கொண்டு போனார். அங்கேதான் அப்பர் தன் முதல் பதிகத்தைப் பாடினார். அது அமைதியான பக்தர் பாடியதில்லை, குடல் முறுக்கிப் பிடித்த ஒரு மனுஷன் கதறியது. தேவாரத்தில் அப்பரின் கணக்கு அந்தக் கதறலில் ஆரம்பிக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல்.

அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டதும், கல் மிதந்து கரைக்கு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று அந்த இடத்துக்குப் பெயரே இருக்கிறது. அக்கா கூட்டின வாசலுக்கு அப்படிப் பெயர் ஒன்றும் கிடையாது. ஆனால் அப்பர் சிலையைப் பாருங்கள். கையில் உழவாரம் இருக்கும். கோயில் தரையில் புல் செதுக்குகிற கருவி. அற்புதம் செய்தவர் கையில் அவர் அக்காவின் வேலை இருக்கிறது.

*

அப்பா மூன்று நாள் போய்ப் பெருக்கினார். நாலாம் நாள் போகவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

விழுந்த மரத்தை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார்கள். ஊரே விற்கும்போது யார் விலை கொடுப்பார்? கோணக்காலன் லாரி ஏறின அன்றைக்கு அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார். பெரியப்பா கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அவருக்குச் சாமி மேல் நம்பிக்கை இல்லாததால் போனார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவருக்குக் கடன் இருந்தது.

அந்த ஆடியில் அப்பா விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ-3 ரக முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி வந்து நட்டார். ஒட்டுக்கன்று மூன்றாம் வருஷம் காய்ப்புக்கு வந்துவிடும். அது எல்லாரும் செய்ததுதான். கூடவே பலாவும் வைத்தார். தப்பி நின்ற இரண்டு மரத்தில் ஒன்று சின்னாயி. அதன் பழத்தை அறுத்து, ஈரம் காயாத கொட்டைகளை நேராகக் குழியில் போட்டார். நாற்றாக விட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அடிபடும் என்பது அவர் கணக்கு. கொட்டை முளைத்துக் காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். அவருக்கு அப்போது 63 வயது.

"இந்த வயசுல பலாவா? யாரு திங்கிறதுக்கு?" என்று டீக்கடையில் கேட்டார்களாம். "எங்கப்பன் வச்சதை நான் தின்னேன்ல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அப்பாவைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் புயலுக்குப் பிறகு அவருக்குக் காற்று என்றாலே பயம். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிகிற வரைக்கும் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். விடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். ராத்திரி பயந்த ஆளும் அவர்தான், காலையில் தண்ணீர் ஊற்றின ஆளும் அவர்தான். பயம் போகட்டும், அப்புறம் ஊற்றலாம் என்று இருந்திருந்தால் கன்று காய்ந்திருக்கும்.

முந்திரி இரண்டு மூன்று மகசூல் பார்த்தார். பலா காய்ப்பதைப் பார்க்கவில்லை. 2017இல் போய்விட்டார்.

*

இனி அம்மா கதை. தோழி கேட்டது அதைத்தானே.

2019 ஆவணியில் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. புதுச்சேரியில் பயாப்ஸி எடுத்தார்கள். எட்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த எட்டு நாளில் நான் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

முதல் நாள் திருவதிகைக்கு ஒரு அபிஷேகம் வேண்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் அது போதாது என்று பட்டது, பழனிக்கு முடி. மூன்றாம் நாள் சமயபுரம். நாலாம் நாள் ஆபீஸ் தோழி சொன்னாள் என்று வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் தேடுவேன்: கட்டி உருண்டையாக இருந்தால் என்ன, கெட்டியாக இருந்தால் என்ன. படித்து முடித்ததும் இன்னொரு வேண்டுதல் சேர்ப்பேன். ஏலத்தில் விலை ஏற்றுகிற மாதிரி ஏற்றிக்கொண்டே போனேன். எதிரில் கேட்பவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அம்மாவிடம் இந்தப் பட்டியலைச் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைத் தோலில் ஊறுகிற எண்ணெய் கையில் பட்டால் புண்ணாக்கிவிடும். அதனால் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். சாம்பல் கையோடு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"ஏண்டி, சாமிகிட்டப் போயி சந்தையில பேசுற மாதிரி பேசுற? பயமா இருக்குன்னு சொல்லு, போதும். அதுக்குக் காசா பணமா?"

"உனக்குப் பயமில்லையா?"

"இல்லாம? ராத்திரி பூரா இருக்கு. அதுக்காகக் கொட்டைய யாரு உடைக்கிறது?"

அப்பா சைக்கிளில் துடைப்பத்தோடு போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நானும் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு வருஷமாக சென்னையில் கீபோர்டு தட்டின கை, நாலு கொட்டை உடைப்பதற்குள் விரலை நசுக்கிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரம் நான் போனைத் தொடவில்லை. 'பயமா இருக்கு' என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து நாளில் அதுதான் நான் உண்மையாகச் செய்த முதல் பிரார்த்தனை.

ரிப்போர்ட் வந்தது. கேன்சர்தான். ஆபரேஷன், ஆறு கீமோ, அப்புறம் ரேடியேஷன். தலைமுடி கொட்டி முளைத்தது. சாமியை நம்பினதால் டாக்டரிடம் போகவில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அம்மா கீமோ நாளன்று திருநீறு பூசிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒன்றுக்கொன்று போட்டி என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. இப்போதும் செக்கப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் ரிசல்ட் வரும்வரை எனக்கு வயிற்றில் ஒரு பிசைவு. அது போகவே இல்லை.

*

கெடிலம் ஆறு திருவதிகையைத் தாண்டி, கடலில் சேர்வதற்கு முன்னால் திருவந்திபுரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. வேதாந்த தேசிகர் பல வருஷம் வாழ்ந்த ஊர். அவரே தன் கையால் கட்டினார் என்று சொல்லப்படும் ஒரு கிணறு அங்கே இருக்கிறது. தோழி வைஷ்ணவ வீட்டுப் பெண், அவளுக்காக இதை எழுதுகிறேன்.

வடகலை, தென்கலை என்று பிரிந்தவர்கள் சரணாகதிக்குச் சொல்கிற இரண்டு உவமை அவளுக்குத் தெரியும். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பக்தனும் அப்படிப் பிடிக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் வாயால் கவ்வித் தூக்கிப் போகும் என்பது இன்னொரு கட்சி. காலேஜில் இதை வைத்து நாங்கள் எவ்வளவோ வம்பு பேசியிருக்கிறோம். அம்மாவின் எட்டு நாளில் எனக்கு வேறொன்று தோன்றியது. பிடித்துக்கொண்டாலும் சரி, கிடந்தாலும் சரி, தாய் எந்தக் கூரைக்குத் தாவப் போகிறாள், எந்த வீட்டு அடுப்படிக்குத் தூக்கிப் போகப் போகிறாள் என்று எந்தக் குட்டிக்கும் தெரியாது. இத்தனை நூற்றாண்டு வாதத்தில் குட்டிக்கு வழி தெரியும் என்று இரண்டு கட்சியும் சொல்லவில்லை. நான்தான் வழியைச் சொன்னால் நம்புகிறேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆசாரியர்களுக்கே பயங்கரமான ஒரு காலம் வந்தது. 1323இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தது. குருபரம்பரைக் கதைகள் சொல்வதைப் பாருங்கள். தென்கலையார் கொண்டாடும் பிள்ளை லோகாசாரியார், தள்ளாத வயதில் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போனார். மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில் உயிர் விட்டார். தாய் தூக்கிப் போவாள் என்ற மரபின் பெரியவர், அன்றைக்குப் பெருமாளையே தூக்கிக்கொண்டு நடந்தார். தேசிகரோ பிணங்களுக்கு நடுவே படுத்துத் தப்பி, சுருதப்ரகாசிகை என்ற நூலின் சுவடியையும் அதை எழுதியவரின் இரண்டு பிள்ளைகளையும் காப்பாற்றிக் கர்நாடகத்து சத்தியகாலத்துக்குப் போனார். அங்கே இருந்தபோது பாடியதுதான் அபீதிஸ்தவம். பீதி நமக்குத் தெரிந்த வார்த்தைதான். அபீதி என்றால் பயமின்மை. பிணத்தோடு பிணமாகக் கிடந்து எழுந்த மனுஷர் பயமின்மையைக் கேட்டுப் பாடினார். இருப்பதைக் கேட்க மாட்டோம், இல்லாததைத்தானே கேட்போம்?

இருவர் கையிலும் அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. ஒருவர் கையில் விக்கிரகம், இன்னொருவர் கையில் ஓலை.

*

2020 நவம்பரில் நிவர் புயல். மறுபடி எங்கள் பக்கம்தான் என்றார்கள். நான் ஊரில் இருந்தேன். கீமோ முடிந்து தலையில் குட்டையாக முடி முளைத்திருந்த அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் அப்பா மாதிரியே திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொல்லையில் அப்பா போட்ட பலா, அதற்கு முந்தின வருஷம்தான் முதல் காய் காய்த்திருந்தது.

விடிந்தது. இரண்டு கிளை முறிந்திருந்தது, அவ்வளவுதான். மரங்கள் நின்றன. என் பிரார்த்தனையால் நின்றன என்று எழுத மாட்டேன். புயல் வடக்கே தள்ளி, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. அங்கேயும் மரம் வைத்தவர்கள் இருப்பார்கள், அவர்களும் திண்ணையில் உட்கார்ந்து கும்பிட்டிருப்பார்கள்.

அதனால் நம்பிக்கை என்றால் நமக்கு நல்லதே நடக்கும் என்கிற உத்தரவாதம் என்று நான் நினைப்பதை விட்டுவிட்டேன். அந்த அர்த்தத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நடப்பது எதுவானாலும் அதற்குள்ளே நான் தனியாக இருக்க மாட்டேன் என்கிற ஒன்றைத்தான் நம்புகிறேன். அதுவும் எல்லா நாளும் இருக்காது. இல்லாத நாளில் அம்மா மாதிரி கொட்டை உடைப்பேன், அதாவது அன்றைக்கு என் கைக்கு எது வேலையோ அது. செய்து முடிக்கும்போது சில சமயம் நம்பிக்கை திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். சில சமயம் வராது, வேலையாவது முடிந்திருக்கும்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், எனக்குத் தெரிந்த மூன்றே விஷயம். சாமியிடம் அழகாகப் பேச வேண்டாம், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்குகிற பலம் கேட்காதீர்கள், இன்றைக்கு ராத்திரிக்குக் கேளுங்கள். மூன்றாவது, தனியாக இருக்காதீர்கள். திலகவதியாரை உயிரோடு வைத்தது ஒரு தம்பியின் அழுகை. அந்தத் தம்பியைப் பின்னால் மீட்டது அக்காவின் கை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. 'எல்லாம் சரியாயிடும்' என்று என்னை மாதிரி சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியாது.

இன்றைக்குக் காலையில் தோழியைக் கூப்பிட்டேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். நாளைக்கு வருகிறேன், செவ்வாய் வரைக்கும் இருக்கிறேன் என்றேன். "வீடு ஒரே குப்பையா கெடக்குடி, நாலு நாளா எதையும் தொடல" என்றாள்.

அப்படியே கிடக்கட்டும், வந்து சேர்ந்து பெருக்கலாம் என்றேன். டிக்கெட் போட்டாயிற்று.